நித்தியக் கடனாக உடற்பயிற்சி

நன்மை தரும் என்று ஐயமறத் தெரிந்த ஒரு செயலை மனிதன் ஏன் சில வாரங்களிலேயே கைவிட்டுவிடுகிறான் என்னும் கேள்வி, உளவியல் தனித்துறையாகத் தோன்றுவதற்கு நெடுங்காலம் முன்பே மெய்யியலாரை அலைக்கழித்த கேள்வியாகும். நல்லது எது என்று அறிந்தும் அதற்கு மாறாக நடக்கும் இயல்பை அரிஸ்டாட்டில் ‘அக்ரேசியா’ என்னும் பெயரில் தம் நிக்கோமாக்கிய அறவியலின் ஏழாம் நூலில் ஆராய்ந்தார். திருவள்ளுவரோ மடியின்மைக்கென்றே ஓர் அதிகாரம் ஒதுக்கி, காலம் தாழ்த்துவது, மறப்பது, சோம்புவது, உறங்குவது ஆகிய நான்கையும் அழிவைத் தேடிப் போகிறவர்கள் ஆசையோடு ஏறிக்கொள்ளும் ஓடமாகக் காட்டினார். இவ்விருவருமே அறியாமையைக் குற்றவாளியாக்கவில்லை என்பது கருதத்தக்கது. நாள்தோறும் அரை மணி நேரம் நடப்பது உடம்புக்கு நல்லது என்பதை இன்று அறியாதவர் எவருமிலர், அறிவுரைக்கும் பஞ்சமில்லை. ஆகவே, மக்களுக்கு மேலும் எதைச் சொல்லித் தரலாம் என்று தேடுவதைவிட, உடற்பயிற்சி என்பது எவ்வகைச் செயல் என்று கேட்பதே பயனுடையது. அது ஒரு வேண்டுதலா, விழாவா, அல்லது கடனா? வகையைத் தவறாகத் தீர்மானிப்பதனால்தான் பயிற்சி பாதியில் நின்றுபோகிறது என்பதும், வகையைச் சரிசெய்வதற்குரிய கருத்துகள் தமிழர் நன்கு அறிந்த சமய மரபுக்குள்ளேயே கிடக்கின்றன என்பதும் இங்கே எடுத்துரைக்கப்படும்.

மலேசியாவின் ஜொகூர் மாநிலத்துத் தமிழரிடையே இக்கேள்விக்குத் தனியொரு வரலாறு உண்டு. குளுவாங், கூலாய், சிகாமட், லாபிஸ் வட்டாரத் தோட்டங்களில் வாழ்ந்த தலைமுறைக்கு உடற்பயிற்சி என்பது ஒரு பிரச்சினையாகவே எழுந்திருக்க முடியாது. பொழுது விடியுமுன் பெரட்டு எனப்படும் வருகைக் கணக்குக்கு நின்று, நானூறு ஐந்நூறு பால்மரங்களை ஒன்றன்பின் ஒன்றாக வெட்டி, வெயில் ஏறியதும் அதே மரங்களை மறுபடியும் சுற்றி மங்குகளில் தேங்கிய பாலை வாளியில் சேர்த்து, அதைத் தோளில் சுமந்துகொண்டு நிறுவைக் கொட்டகைக்கு நடந்த ஓர் உடம்பிடம், இன்னும் கொஞ்சம் நட என்று எந்த மருத்துவர் சொல்லியிருக்க இயலும்? அவ்வுழைப்பு விரும்பி ஏற்றதன்று. கூலிக்காக, பல வேளைகளில் இழிவுக்கும் பசிக்கும் நடுவே செய்யப்பட்டது. அதனைப் பொற்காலமாகப் பாடுவது வரலாற்றுக்குச் செய்யும் துரோகமாகும். ஆயினும் தோட்டங்கள் துண்டாடப்பட்டு, ரப்பர் நின்ற நிலங்கள் செம்பனைக்கும் வீடமைப்புக்கும் மாறி, மக்கள் ஜொகூர் பாரு, ஸ்கூடாய், மாசாய், பாசிர் கூடாங் தாமான்களுக்கு, அதாவது வீடமைப்புப் பகுதிகளுக்கு, குடிபெயர்ந்தபோது, பெரட்டு மணியோடு உடலசைவின் கட்டாயமும் போயிற்று. அதுவரை பிழைப்போடு பிணைந்திருந்த ஒன்று முதன்முறையாக விருப்பத்தின் பொருளாக மாறியது. விளைவு எண்களில் தெரிகிறது: 2019ஆம் ஆண்டின் தேசிய உடல்நலக் கணக்கெடுப்பின்படி மலேசியப் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு இனிப்பு நீர், அதாவது நீரிழிவு, இருந்தது. இந்தியரிடையே அது 31.4 விழுக்காடு.

விருப்பத்தைச் சார்ந்துவிட்ட செயலை ஒழுங்குபடுத்த இச்சமூகத்திடம் ஏற்கெனவே ஒரு வலிமையான முறை உண்டு, அதுதான் விரதம். தைப்பூசத்துக்கு முன் ஒரு மண்டலம், அதாவது 48 நாள், புலால் நீக்கி, தரையில் படுத்து, விடியற்காலைக் குளிர்நீரில் குளித்து, காலணி துறந்து, பின்னர் காவடியோ பால்குடமோ தாங்கி வெயிலில் நெடுந்தொலைவு நடக்கும் ஓர் இளைஞனைச் சோம்பேறி என்று சொல்ல யாருக்கும் நா எழாது. ஜொகூரில் தைப்பூசம் பொது விடுமுறை. முருகன் கோயில்களுக்குச் செல்லும் வீதிகளில் அன்று தெரியும் உடல் வலிமையும் மன உறுதியும் எந்த ஓட்டப்பந்தயத் திடலிலும் எளிதில் காணக் கிடைக்காதவை. அதே இளைஞன் அடுத்த வாரம் மாடிப்படி ஏறவும் மனமின்றி மின்தூக்கிக்குக் காத்து நிற்கிறான் என்றால், அதைப் பாசாங்கு என்று ஏளனம் செய்வது தவறு. விரதத்தின் அமைப்பே அப்படிப்பட்டது. அதற்கு ஒரு சங்கல்பம், அதாவது இன்ன பயனுக்காக இதைச் செய்கிறேன் என்னும் உறுதிமொழி உண்டு; ஒரு முடிவு நாள் உண்டு; முடிந்ததும் விடுதலை உண்டு. விரதக் காப்பாகிய கங்கணத்தைக் கட்டுவதும் அவிழ்ப்பதும் ஒரே சடங்கின் இரு முனைகள்.

மருத்துவமனையில் இரத்தப் பரிசோதனை முடிவைக் கண்டு அஞ்சி மறுநாளே காலணி வாங்குகிறவர், மகளின் திருமணத்துக்குள் பத்துக் கிலோ குறைய வேண்டும் என்று உடற்பயிற்சிக் கூடத்தில் பணம் கட்டுகிறவர், நெடுந்தொலைவு ஓட்டத்துக்குப் பெயர் கொடுத்துவிட்டு மூன்று மாதம் ஓடுகிறவர் ஆகிய எல்லோரும், தாம் அறியாமலே, விரதத்தின் இலக்கணத்தைத்தான் பின்பற்றுகின்றனர். பரிசோதனை எண் இறங்கியதும், திருமணம் முடிந்ததும், பதக்கம் கழுத்தில் விழுந்ததும் கங்கணம் அவிழ்ந்துவிடுகிறது. அவர்கள் தோற்றுவிட்டார்கள் என்று சொல்வதற்கில்லை. எடுத்துக்கொண்டதை முடித்துவிட்டார்கள் என்பதே சரி.

வேத, ஆகம மரபுகள் கருமத்தை மூன்றாகப் பகுக்கும். நாள்தோறும் தவறாது செய்ய வேண்டியது நித்தியம். ஒரு நிமித்தம், அதாவது திருவிழா, கிரகணம், பிறப்பு இறப்பு போன்ற காரணம், நேரும்போது செய்வது நைமித்திகம். ஒரு பயனை விரும்பிச் செய்வது காமியம்; மேலே கண்ட விரதம் இவ்வகையைச் சார்ந்தது. ஜொகூர் பாரு நகரின் நடுவே 1911ஆம் ஆண்டில் எழுந்த ராஜமாரியம்மன் கோயிலிலோ, 1922ஆம் ஆண்டில் சிறு குடிலாகத் தொடங்கிப் பின்னர் கண்ணாடிக் கோயிலாக உருமாறிய ராஜகாளியம்மன் கோயிலிலோ இம்மூன்றையும் ஒரே நாளில் காணலாம். விழா நாளில் தெருவை நிறைக்கும் கூட்டம் நைமித்திகத்தைச் சார்ந்தது. தேர்வில் வெற்றி வேண்டி நட்சத்திரமும் பெயரும் சொல்லி அர்ச்சனைச் சீட்டு வாங்குவது காமியம். ஆனால் இவை இரண்டும் நிகழ்வதற்கு முன்னரே, தெருவிளக்குகள் அணையாத நேரத்தில், குருக்கள் கதவைத் திறந்து, முந்தைய நாளின் வாடிய மாலைகளைக் களைந்து, திருமேனிக்கு நீராட்டி, புது விளக்கேற்றி, நிவேதனம் காட்டி முடித்துவிடுகிறார். எதிரே ஒருவரும் நிற்கவில்லை என்பதற்காக அந்தத் தீபாராதனையை அவர் விட்டுவிடுவதில்லை. ஆயிரம் பேர் நிற்பதனால் அதன் தகுதி கூடுவதுமில்லை. கண்ணாடிச் சில்லுகளைப் படமெடுக்க வரும் சுற்றுலாப் பயணிகள் பெரும்பாலும் காணத் தவறுவது இதைத்தான். அக்கோயிலைக் கோயிலாக வைத்திருப்பது இந்தக் காணப்படாத நித்தியம்.

உடற்பயிற்சியை நித்தியத்தின் வரிசையில் வைத்தல் வேண்டும் என்று சொல்வதனால் மட்டும் ஒன்றும் மாறிவிடாது. நித்தியத்துக்கென்று தனி விதிகள் உண்டு, அவையே இங்கு உதவுகின்றன. வேதச் சடங்குகளின் பொருளையும் முறையையும் ஆராயும் தத்துவப் பள்ளியான மீமாம்சை, இவ்விதிகளை வியக்கத்தக்க நுட்பத்துடன் வகுத்தது. ஜைமினியின் மீமாம்சா சூத்திரம் ஆறாம் அத்தியாயத்தில் ஒரு கேள்வியை எழுப்புகிறது: ஒரு வேள்வியின் அங்கங்களாகிய துணைச் செயல்கள் எல்லாவற்றையும் செய்ய இயலாதவன் அவ்வேள்வியைச் செய்யலாமா? காமிய வேள்வியானால் கூடாது என்பது விடை. பயனை விரும்பித் தொடங்கியவன் அப்பயனைத் தரும் முழு முறையையும் குறைவின்றி நிறைவேற்றியாக வேண்டும், அங்கம் குறைந்தால் பயனும் இல்லை. நித்தியமானால் செய்யலாம் என்பது மட்டுமன்று, செய்தே தீர வேண்டும். இயன்ற அளவு செய்தாலும் கடன் கழிந்துவிடும். உயிருள்ளவரை செய்யும்படி விதிக்கப்பட்ட அக்கினிகோத்திரம், அதாவது காலையும் மாலையும் தீயில் பால் சொரியும் எளிய வழிபாடு, இதற்குத் தலைசிறந்த எடுத்துக்காட்டு. வாழ்நாள் முழுதும் ஒருவன் ஒவ்வொரு நாளும் நலமாகவும் வசதியாகவும் இருப்பான் என்று எவரும் எதிர்பார்க்க முடியாது. ஆகவே வாழ்நாள் முழுதும் என்னும் சொல்லுக்குள்ளேயே இயன்ற அளவு என்னும் சலுகை அடங்கியிருக்கிறது என்று மீமாம்சகர் முடிவு கட்டினர்.

இதே கருத்து சதபத பிராமணம் என்னும் வேத நூலில் ஓர் உரையாடலாக வருகிறது. விதேக மன்னன் ஜனகன் யாக்ஞவல்கியரிடம் அக்கினிகோத்திரத்தில் எந்தப் பொருளை இடுவது என்று கேட்கிறான்; பால் என்கிறார் முனிவர். பால் கிடைக்காவிட்டால்? நெல்லும் வாற்கோதுமையும். அவையும் இல்லையென்றால்? வேறு செடிகொடிகள். அவையும் இல்லாவிட்டால் காட்டில் விளைவன, பின்னர் மரத்தின் கனிகள், பின்னர் வெறும் நீர் என்று விடைகள் ஒவ்வொரு படியாக இறங்குகின்றன. நீரும் இல்லையென்றால் என்று மன்னன் விடாமல் கேட்க, அப்போதும் சத்தியத்தைச் சிரத்தையில், அதாவது நம்பிக்கையில், ஆகுதியாக இடலாம் என்று முனிவர் முடிக்கிறார். விடையால் மகிழ்ந்த மன்னன் பசுக்களைப் பரிசளிக்கிறான். எவ்வளவு இல்லாமை நேர்ந்தாலும், அதனால் இன்றைக்குச் செய்யவில்லை என்னும் விடையை மட்டும் முனிவர் சொல்லவில்லை.

இந்த விதியை ஜொகூரின் ஒரு சாதாரண நாளில் பொருத்திப் பார்க்கலாம். 1924ஆம் ஆண்டு திறக்கப்பட்ட கடற்பாலத்தின் வழியே சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகிறவர்களில் பலர் விடியற்காலை நான்கு மணிக்கெல்லாம் வீட்டை விட்டுப் புறப்பட்டு, குடிநுழைவு வரிசைகளைக் கடந்து, இரவு எட்டு மணிக்குமேல் திரும்புகின்றனர். வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் வரை மிதமான உடலுழைப்பு வேண்டும் என்னும் உலகச் சுகாதார நிறுவனத்தின் 2020ஆம் ஆண்டுப் பரிந்துரையை அவர்களிடம் நீட்டினால், அது காமிய வேள்வியின் முழு முறையைப் போலவே தோன்றும்; முழுதாக முடியாது, ஆகவே வேண்டாம். நித்தியத்தின் விதி வேறு விதமாகப் பேசுகிறது. அரை மணி இல்லையெனில் பத்து நிமிடம், மழையானால் வீட்டுக்குள், கால் வலித்தால் கைகளுக்கு மட்டும், உடம்பு மிகவும் தளர்ந்த நாளில் நாற்காலியிலிருந்து பத்து முறை எழுந்து அமர்தல். இவற்றால் எடை குறையுமா என்று கேட்பவர் காமியத்தின் கேள்வியைக் கேட்கிறார். இவை செய்வது வேறொரு வேலை: நாளைக்கும் ஒருவன் பயிற்சி செய்கிறவனாகவே எழுவான் என்பதை உறுதிசெய்கின்றன.

இதைக் கேட்டதும் எழும் மறுப்பு நியாயமானது. இயன்ற அளவு என்னும் சலுகை சோம்பலுக்குச் சாக்காகிவிடாதா? மீமாம்சகர் இதையும் எண்ணிப் பார்த்திருந்தனர். குறைத்துக்கொள்ளும் உரிமை அங்கங்களைப் பற்றியதே அன்றி, முதன்மைச் செயலைப் பற்றியது அன்று என்று அவர்கள் வரம்பு கட்டினர். உடற்பயிற்சியில் முதன்மை எது என்பது அப்போது முக்கியமான கேள்வியாகிறது. தொலைவும் வேகமும் எடையும் இடமும் உடையும் உடன்வருவோரும் அங்கங்கள். குறித்த பொழுதில் எழுந்து உடம்பை அதற்கென்று இயக்கத் தொடங்குவதே முதன்மை என்று கொள்வது பொருத்தமாகத் தெரிகிறது. பெரும்பாலோர் இதைத் தலைகீழாகச் செய்கின்றனர்: காலணியையும் கைக்கடிகாரத்தையும் பற்றி வாரக்கணக்கில் ஆராய்கிறார்கள், எழும் நேரத்தை மட்டும் மனநிலைக்கு விட்டுவிடுகிறார்கள்.

ஜொகூரில் தமிழரின் அண்டை வீடுகளிலும், தமிழ் முஸ்லிம்களின் வீடுகளிலும், இதே உணர்வு இன்னொரு மரபில் நாள்தோறும் ஐந்து முறை வெளிப்படுகிறது. நின்று, குனிந்து, நெற்றி நிலத்தில் பட வணங்கும் தொழுகை உடம்போடு செய்யும் நித்தியம். பயணத்தில் இருப்பவன் நான்கு ரக்அத்தை, அதாவது தொழுகைச் சுற்றை, இரண்டாகச் சுருக்கிக்கொள்ளலாம். அதற்குக் கஸ்ர் என்று பெயர். நிற்க முடியாதவன் அமர்ந்தும், அமர முடியாதவன் படுத்தும் தொழலாம். தவறிய தொழுகையைப் பின்னர் களாவாக நிறைவேற்றலாம். இறைவனுக்கு மிகவும் உவப்பானது, சிறிதாயினும் தொடர்ந்து செய்யப்படும் செயலே என்னும் நபிமொழி புகாரி, முஸ்லிம் ஆகிய இரு தொகுப்புகளிலும் இடம்பெற்றுள்ளது. வேள்விக்கும் தொழுகைக்கும் இறையியலில் பொதுவானவை மிகக் குறைவு; இருந்தும் இரண்டு மரபுகளும், நெடுங்காலம் நிற்க வேண்டிய எதற்கும் வளையும் விதி தேவை என்னும் ஒரே முடிவுக்கு வந்துள்ளன.

வளையும் விதி இருந்தும் ஒரு நாள் முற்றிலும் தவறிப்போனால் என்ன ஆகும்? வில்லியம் ஜேம்ஸ் 1890இல் வெளியிட்ட தம் உளவியல் நூலில், பழக்கம் வேரூன்றும் வரை ஒரு விதிவிலக்குக்கும் இடந்தரலாகாது என்று கண்டிப்பாக எழுதினார். இந்தக் கண்டிப்பு வீரமாக ஒலித்தாலும், ஒரு நாள் தவறியவனை எல்லாம் போயிற்று என்னும் முடிவுக்குத் தள்ளிவிடும் தன்மை கொண்டது. பல பயிற்சிகள் செத்தது அந்த ஒரு நாளால் அன்று, அதைப் பற்றிய இந்த எண்ணத்தால்தான். லண்டன் யுனிவர்சிட்டி காலேஜைச் சேர்ந்த ஃபிலிப்பா லாலியும் அவருடைய குழுவினரும் 96 பேரை 12 வாரம் கவனித்து 2010இல் வெளியிட்ட ஆய்வு, இடையில் ஒரு வாய்ப்பைத் தவறவிடுவது பழக்கம் உருவாவதைக் குறிப்பிடத்தக்க அளவில் பாதிக்கவில்லை என்று கண்டது. ஒரு செயல் தானாகவே நிகழும் நிலையை எட்டச் சராசரியாக 66 நாள் ஆயிற்று. ஆளுக்கு ஆள் அது 18 நாளிலிருந்து 254 நாள் வரை வேறுபட்டது. ஒரு மண்டலம் அந்தச் சராசரிக்குக் குறைவு என்பதையும், தைப்பூசத்தன்று கங்கணம் அவிழ்ப்பவர்களில் பலர் பழக்கம் படியத் தொடங்கும் தறுவாயில்தான் விட்டுவிடுகிறார்கள் என்பதையும் இந்த எண்கள் உணர்த்துகின்றன.

ஆகமங்கள் இவ்விடத்தில் ஜேம்ஸைவிட முதிர்ச்சியோடு பேசுகின்றன. நித்திய பூசை தவறக்கூடும் என்பதை அவை மறைப்பதில்லை. போர், வெள்ளம், வறுமை, பூசகரின் மரணம் எல்லாம் நேரும் என்று தெரிந்தே, எவ்வளவு காலம் தவறியதோ அவ்வளவுக்கு ஏற்பப் பிராயச்சித்தம் வகுத்துள்ளன. சிறு இடைவெளிக்குச் சிறு பரிகாரம். நெடுங்காலம் பூசையின்றிக் கிடந்த கோயிலுக்கு விரிவான சம்புரோட்சணம் என்னும் தூய்மைச் சடங்கு. சிதைந்ததைப் புதுப்பிக்கச் சீர்ணோத்தாரணம் என்று தனி முறையே உண்டு; பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை குடமுழுக்குச் செய்யும் வழக்கமும் தேய்மானத்தை இயல்பென ஏற்றுக்கொண்டதன் அடையாளம். பரிகாரத்தின் நோக்கம் தண்டனையன்று, பூசையை மறுபடியும் தொடங்குவதற்கு வாசலைத் திறந்து வைப்பதே. காய்ச்சலாலோ, மகப்பேற்றாலோ, துக்கத்தாலோ மூன்று மாதம் பயிற்சி நின்றவருக்குத் தேவைப்படுவதும் அதுதான்: விட்ட இடத்திலிருந்து அன்று, குறைந்த அளவிலிருந்து, குற்றவுணர்வின்றித் திரும்ப வருதல்.

இதுவரை சொன்னவை செய்முறை பற்றியவை. உடற்பயிற்சி நித்தியமாகவே இருந்தாக வேண்டும் என்பதற்கு உடம்பின் இயல்பிலேயே ஒரு காரணம் இருக்கிறது. வேள்வி முடிந்தபின் அதன் பயன் உடனே தோன்றாவிட்டாலும், அபூர்வம் எனப்படும் காணாத ஆற்றலாக அது செய்தவனிடம் தங்கியிருந்து காலம் வரும்போது பலிக்கும் என்று மீமாம்சகர் கொண்டனர். உடம்பு அவ்வாறு எதையும் வைப்புநிதியாகச் சேர்த்து வைப்பதில்லை. நடக்கும்போது தசைகள் இன்சுலினின் துணையின்றியே இரத்தத்திலுள்ள சர்க்கரையை உள்ளிழுக்கின்றன; அதன் பின்னும் தசைகள் இன்சுலினுக்கு எளிதில் இணங்கும் நிலை ஏறத்தாழ ஒன்றிரண்டு நாள், மிஞ்சினால் மூன்று நாள் நீடித்து மறைகிறது. இனிப்பு நீர் உள்ளவர்கள் தொடர்ந்து இரண்டு நாளுக்குமேல் பயிற்சியை விடவேண்டாம் என்று மருத்துவர்கள் சொல்வது இதனால்தான். இளமையில் ஓடிய பந்தயங்களும் தோட்டத்தில் சுமந்த வாளிகளும் இன்றைய இரத்தத்தில் ஒரு துளியும் எஞ்சியிருப்பதில்லை. பயன் நாள்தோறும் கரைந்துபோவதால் செயலும் நாள்தோறும் நிகழ்ந்தாக வேண்டும்.

அப்படியானால் பயனை நோக்கித்தானே செய்கிறோம், இது எவ்வாறு நித்தியமாகும் என்று கேட்கலாம். இது மீமாம்சைக்குள்ளேயே நிகழ்ந்த பழைய வழக்கு. பயன் கருதாமல் மூடனும் ஒரு செயலில் இறங்கமாட்டான் என்று ஏழாம் நூற்றாண்டினரான குமாரிலபட்டர் கருதினார். நித்தியத்துக்கும், செய்யாவிடில் வரும் தீங்கைத் தவிர்த்தல் என்னும் பயன் உண்டு என்பது அவர் பள்ளியின் நிலை. எதிர்ப்பக்கம் நின்ற பிரபாகரரோ, விதிக்கப்பட்டது என்பதே செய்வதற்குப் போதிய காரணம் என்றார். உடற்பயிற்சியைப் பொறுத்தவரை குமாரிலரின் பக்கமே வலுவானதாகத் தோன்றுகிறது. பயன் உண்டு, அதை மறுப்பது பொய். ஆயினும் எழுந்திருக்கும் அந்த ஐந்து நிமிடத்தில் பயனை எண்ணிப் பார்ப்பவன் தோற்றுவிடுவான் என்பதில் பிரபாகரர் சொல்வதே அனுபவத்துக்கு ஒத்துவருகிறது. தொலைவிலுள்ள நலமும் அருகிலுள்ள போர்வையும் தராசில் ஏறினால் போர்வையே வெல்லும். தராசைத் தூக்காமல் இருப்பதே வழி. பயனைக் கருதிக் கடனை ஏற்றுக்கொள்வதும், ஏற்றபின் பயனை மறந்து செய்வதும் ஒன்றுக்கொன்று முரண்பட்டவை அல்ல.

எல்லாவற்றுக்கும் அடியில் இன்னும் ஆழமான ஓர் ஐயம் உண்டு; சமய நாட்டம் கொண்ட முதியோரிடம் அது அடிக்கடி ஒலிக்கிறது. அழியப்போகும் இந்த உடம்பை இவ்வளவு பேண வேண்டுமா? பட்டினத்தார் பாடல்களில் பழகிய காதுக்கு, உடம்பைக் கொண்டாடுவது அஞ்ஞானமாகவே படும். ஆனால் அதே தமிழ்ச் சைவத்தில் திருமூலர், முன்பு உடம்பை இழுக்கென்று எண்ணியிருந்த தாம், அதனுள்ளே இறைவன் கோயில் கொண்டிருப்பதைக் கண்டபின் அதனைப் பேணத் தொடங்கியதாகத் திருமந்திரத்தின் மூன்றாம் தந்திரத்தில் கூறுகிறார். மெய்கண்டார் 13ஆம் நூற்றாண்டில் சிவஞானபோதத்தில் நிலைநிறுத்திய சைவ சித்தாந்தம் இதற்கு ஒரு தத்துவ அடிப்படையும் தருகிறது. ஆணவம் என்னும் மலம் உயிரின் அறிவை மறைத்து இருளில் வைத்திருக்க, அவ்விருள் முற்றும் நீங்கும் விடியல் வரும் வரை உயிர் வழி காண்பதற்காக இறைவன் மாயையிலிருந்து ஆக்கித் தந்த விளக்கே உடம்பும் கருவிகளும் என்பது அதன் கொள்கை. விடிந்தபின் விளக்கு வேண்டாம் என்பது உண்மையே. அதற்காக நள்ளிரவில் திரியைத் தூண்டாமல் விடுவதைத் துறவு என்று சொல்ல முடியாது.

சித்தாந்தம் வகுக்கும் சரியை, கிரியை, யோகம், ஞானம் என்னும் நான்கு நெறிகளில் முதலாவதாகிய சரியை முழுக்க முழுக்க உடம்பால் செய்யும் தொண்டு: கோயிலைக் கூட்டுதல், மெழுகுதல், பூப் பறித்தல், மாலை தொடுத்தல். ஏழாம் நூற்றாண்டில் திருநாவுக்கரசர் உழவாரத்தை ஏந்தி ஊர் ஊராகச் சென்று கோயில் முற்றங்களில் புல் செதுக்கினார். மாபெரும் கவிஞரொருவர் முதுமையிலும் கைவிடாத வேலை அது. ஒரு மழை பெய்தால் செதுக்கிய இடத்தில் மறுபடியும் புல் முளைத்துவிடும் என்பது அவருக்குத் தெரியாததன்று. புல் முளைப்பதைத் தோல்வியென்று அவர் கொள்ளவில்லை; மறுநாளைக்கும் தொண்டு இருக்கிறது என்பதே அதன் பொருள். அளவுகோலில் நேற்றைவிட இன்று முன்னேறவில்லையே என்று வருந்தி நடையை நிறுத்துகிறவர்கள் இந்தப் பெரியவரின் கையிலிருந்த கருவியைச் சற்று நினைத்துப் பார்க்கலாம். எத்தனை அடி நடந்தோம் என்பதை நாள்தோறும் படமெடுத்து உறவினர் குழுவுக்கு அனுப்பிப் பாராட்டுக்குக் காத்திருப்போர், ஆணவம் சரியைக்குள்ளும் புகும் என்று சித்தாந்திகள் எச்சரித்ததையும் சேர்த்து நினைக்கலாம்.

பதஞ்சலியின் யோகசூத்திரம், பயிற்சி உறுதியாக நிலைபெற நெடுங்காலம் செய்தல், இடையறாது செய்தல், மதிப்போடு செய்தல் ஆகிய மூன்றும் வேண்டும் என்கிறது. முதல் இரண்டையும் எல்லோரும் சொல்வர், மூன்றாவதே அரியது. பல்லைக் கடித்துக்கொண்டு தண்டனையைப் போலச் செய்யும் பயிற்சி நெடுங்காலம் நிற்பதில்லை. அதே நூல் யோகத்துக்கு நேரும் இடையூறுகள் ஒன்பதை எண்ணும்போது நோயில் தொடங்கி, மந்தம், ஐயம், அசட்டை, சோம்பல் முதலியவற்றைக் கூறிச் சென்று, எட்டிய நிலையில் நிலைத்து நிற்க இயலாமையைக் கடைசியாக வைக்கிறது. தொடங்குவதன் இடர்களைக் கடந்தவனுக்கும் நிலைப்பதன் இடர் மீந்திருக்கும் என்பதை இவ்வரிசை ஒப்புக்கொள்கிறது.

அந்தக் கடைசி இடரைத் தனியொருவனின் மன உறுதி மட்டும் கடப்பது அரிது. கோயில் நித்தியம்கூடக் குருக்கள் ஒருவரால் நடப்பதில்லை, அவருக்குப் பின்னால் ஓர் ஊர் நிற்கிறது. குளுவாங்கின் லம்பாக் மலையில் நெடுங்காலமாக ஏறி இறங்குகிறவர்களிடையே தோன்றும் அறிமுகமும், ஒருவர் வராவிட்டால் மற்றவர் விசாரிக்கும் வழக்கமும் அவ்வகை ஊரைத்தான் உண்டாக்குகின்றன. ஆயினும் ஊரின் நாட்காட்டி மாறக்கூடியது: 2025 சனவரி முதல் நாளில் ஜொகூரின் வார விடுமுறை வெள்ளி, சனியிலிருந்து சனி, ஞாயிறுக்கு மாறியது. விடுமுறை நாளை நம்பிய பயிற்சிகள் இப்படியொரு மாற்றத்தில் நிலை தடுமாறும், நாள்தோறும் செய்வதற்கோ எந்தக் கிழமையும் ஒன்றே.

ஜொகூரின் ஆலயங்கள் பலவற்றில் மண்டபம் உண்டு. திருமணமும் அன்னதானமும் இல்லாத காலை வேளைகளில் அவை பூட்டிக் கிடக்கின்றன. தைப்பூச விரதத்துக்காக ஒன்றுகூடும் அன்பர்களை விரதம் முடிந்ததும் கலைந்துபோக விடாமல், காலைப் பூசை முடிந்தபின் அரை மணி நேரம் அந்த மண்டபத்தில் ஆணும் பெண்ணும் முதியோரும் தத்தமக்கு இயன்ற பயிற்சியைச் செய்ய ஆலய நிர்வாகங்கள் ஏற்பாடு செய்ய வேண்டும். இதற்குப் பெருஞ்செலவு இல்லை. அறிவிப்புப் பலகையில் ஒரு வரியும், கதவைத் திறக்க ஒரு தொண்டரும் போதும். அடுத்த தைப்பூசத்தின் மறுநாளே இதைத் தொடங்கலாம்.